நடுங்காமல் நிற்க ஓர் உள்ளுடுப்பு

18 நவம்பர் 2012, ஞாயிறு

மகன் மிதுசனுக்கு ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் தாயின் சொதியைப் புகழ்வான். இன்று இரண்டு தரம் புகழ்ந்தான். சரி, பெரிதாக ஏதோ வருகிறது என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

வந்தது. அவன் விரும்புகிற பிள்ளை லெத்திசியாவின் தகப்பன் கிரிகோரி என்னை வேட்டைக்குக் கூப்பிடுகிறாராம். ஜனவரியில், சொலோஞ் என்கிற காட்டில், பன்றி வேட்டை. நான் துவக்குத் தூக்கத் தேவையில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

"அவருக்கு மேசையிலை இருந்து கதைக்கிற கதையிலை நம்பிக்கை இல்லை அப்பா. ஒரு நாள் காட்டிலை கூட நிண்டால்தான் ஆளைத் தெரியுமாம். போங்கோவன். ஸில் தெ ப்ளே, கெஞ்சிக் கேக்கிறன்."

கிரிகோரி பாண்டிச்சேரிக்காரர். கத்தோலிக்கர். இங்கே பிரெஞ்சு அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு எடுத்தவர். மனைவி ரோசாலி இறந்து நாலைந்து வருடம் ஆகிறது. ஒரே மகள். எங்களை இரண்டு தரம் சந்தித்தார்; மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கலியாணத்துக்கு மட்டும் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. தகப்பன் சொல்லாமல் அந்தப் பிள்ளை கட்டாது. அவளை விட்டு இவன் வேறொருத்தியைக் கட்டமாட்டான். கடைசியில் என் பிள்ளையின் வாழ்க்கை ஒரு பன்றியிடம் போய் நிற்கிறது.

"ஓம், வாறன் எண்டு சொல்லு. எனக்கென்ன, குளிர் பழக்கம்தானே" என்றேன் பெரிய மனிதனாக.

குளிரா எனக்குப் பிரச்சினை?

19 நவம்பர்

துவக்கு. அதுதான் பிரச்சினை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜூலை பதினாலு தேசிய தின வாணவேடிக்கை தொடங்கினால் நான் குளிக்கப் போய்விடுவேன். தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டு, சத்தம் ஓயும்வரை உள்ளேயே நிற்பேன். இந்த நாட்டுக்கு வந்த வருடத்திலிருந்து இதுதான் நடக்கிறது. "இந்த மனிசன் நல்ல நாள் பார்த்துத்தான் முழுகும்" என்று மனைவி பூரணி பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஊரில் யுத்த காலத்தில் வெடிச் சத்தம் கேட்டுக் குப்புற விழுந்து பழகின உடம்பு. பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தது அதற்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தேன். காட்டில் எனக்கு இரண்டு நடுக்கம் வரும். ஒன்று குளிரால், மற்றது வெடியால். இரண்டும் சேர்ந்தால் என் கதை முடிந்தது. குளிர் நடுக்கத்தையாவது காசு கொடுத்து நிற்பாட்டலாம். நல்ல உள்ளுடுப்பு வாங்கவேண்டும்.

25 நவம்பர்

ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று இருந்தேன். என்னோடு வேலை செய்யும் மகேந்திரராசாவும் அதே கட்சி. "பருத்திதான் அண்ணை உடம்புக்குச் சுகம். மூண்டு பெனியனை ஒண்டுக்கு மேலை ஒண்டாப் போடுங்கோ, மேலை ஒரு சுவெற்றர். காணும்."

போட்டேன். போட்டுக்கொண்டு லா ஷப்பலில் ரயில் பாதைக்கு மேலே இருக்கிற பாலத்துக்கு விறுவிறு என்று நடந்தேன். அங்கே அடிக்கிற காற்று சொலோஞ் காற்றுக்குத் தங்கச்சியாவது இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். வேட்டையில் அப்படித்தான் நிற்கவேண்டுமாம், மரம் மாதிரி.

கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. நடந்த வியர்வையை மூன்று பெனியனும் குடித்துவிட்டு என் முதுகில் ஈரச் சாக்காக ஒட்டிக்கொண்டிருந்தன. பல்லு அடிக்கத் தொடங்கியது. வேலையிலே நான் ஒருநாளும் நின்றதில்லை. குனிவேன், நிமிர்வேன், ஓடுவேன். சும்மா நிற்கிற குளிர் வேறு சாதிக் குளிர்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்ரீஸ்கந்தராசா வரவேண்டும்! ரூ லூயி-பிளாங் தெருவில் டெலிபோன் கடை வைத்திருக்கிறவன். அவன் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

"என்ன தவரத்தினமண்ணை, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"காத்து வாங்கிறன்."

அவன் என்னையும் தண்டவாளத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுத்தான் போனான்.

2 டிசம்பர்

நைலோன் மாதிரி ஒன்று. விளையாட்டுச் சாமான் கடையில் எடுத்தேன். பாம்புச் சட்டை போல ஒட்டுகிறது. வியர்வை சுருக்காகக் காய்ந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் ஒரு நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போய் வந்து கழற்றினேனோ இல்லையோ, பூரணி மூக்கைப் பொத்திக்கொண்டு தடியால் தூக்கி யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள்.

"பண்டிக்கு முன்னம் நான் ஓடிப்போயிடுவன்" என்றாள்.

9 டிசம்பர்

திரும்பவும் அதே கடை. அங்கே நிற்கிற பெட்டை என்னை மறக்கவில்லை. "மொசியே, நடக்கப் போறீங்களா, நிற்கப் போறீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி. நிற்கத்தான் என்றேன். அப்போ மெரினோ ஆட்டு உரோமம்தான் என்றாள். ஆட்டு மயிரை வெறும் தோலில் போட்டால் சொறிந்து சொறிந்து சாகலாம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டி வயிறு. உடம்போடு படிந்திருக்கவேண்டும், இறுக்கக்கூடாது. குனிந்தால் இடுப்புத் தெரியாத நீளம் வேண்டும். நடக்கும்போது மேல்கோட்டைத் திறந்துவிட்டு, நிற்கும் இடத்துக்கு வந்தபிறகு பூட்டவேண்டும். எல்லாம் சொல்லித் தந்தாள். மேலுக்கொன்று, காலுக்கொன்று எடுத்தேன்.

பாலத்துக்குப் போனேன். நின்றேன். மூக்கு மட்டும் உறைந்தது. உள்ளே சுகமோ சுகம். ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

வெற்றியோடு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதுதான் மண்டையில் அடித்தது.

10 டிசம்பர்

இனி நடுங்கினால் குளிர் என்று சொல்லக்கூட வழியில்லை.

6 ஜனவரி 2013, ஞாயிறு

கிரிகோரியே டெலிபோன் எடுத்தார்.

"மொசியே தவரத்தினம், உள்ள என்ன போடப் போறீங்க?"

மெரினோ என்றேன். "பர்ஃபே! ரொம்ப நல்லது. பருத்தி போடுவீங்களோன்னு பயந்துட்டேன். இன்னொண்ணு, அன்னிக்கு சென்ட் போடாதீங்க, ஷேவிங் லோஷன் வேணாம், வாசனை சோப்பும் வேணாம். பன்னிக்குக் கண்ணு மந்தம், மூக்குதான் எல்லாம்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். "முன்னெல்லாம் ரோசாலிதான் என் பக்கத்துல வந்து நிப்பா. சுடறது அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் வருவா" என்றார்.

போனை வைத்தபிறகும் அந்தச் சொல் என்னோடு இருந்தது. இந்த மனிதர் என்னைச் சோதிக்கக் கூப்பிடுகிறாரா, துணைக்குக் கூப்பிடுகிறாரா?

11 ஜனவரி

பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பூரணி மெரினோவை மடித்து வைத்தபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"காட்டிலை குளியலறை இல்லையப்பா. வெடிச்சால் எங்கை போவியள்?"

இத்தனை வருடமும் இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளைகளுக்கு முன்னால் பகிடிவிட்டு என்னை மூடிக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு காலுறை தேடினேன்.

"ஏலாதெண்டால் போகவேண்டாம். நான் அந்த மனிசனோடை கதைக்கிறன்."

"என்னெண்டு சொல்லுவாய்? பெடியன்ரை தேப்பன் பயந்தாங்கொள்ளி எண்டோ?"

அலுமாரியில் இருந்த தைலப் போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "விடிய வெளிக்கிடேக்கை நெஞ்சிலையும் முதுகிலையும் பூசிவிடுறன். நெஞ்சு சூடா இருந்தால் தைரியம் தானா வரும்."

13 ஜனவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

பூரணி பூசினாள். சும்மா இல்லை, கழுத்து, நெஞ்சு, முதுகு, உள்ளங்கால் வரை. அதற்கு மேல் மெரினோ. கிரிகோரியின் காரில் ஏறினேன். கதவைச் சாத்தினதும் அவர் யன்னலை இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காரர். அந்தக் குளிரிலே சொலோஞ் வரைக்கும் யன்னலைத் திறந்துவிட்டே ஓட்டினார். சென்ட் வேண்டாம் என்றுதானே சொன்னார்? தைலம் சென்டா? அது மருந்தெல்லோ! கடவுளாணை, எனக்கு அந்த நேரம் அப்படித்தான் இருந்தது.

காட்டில் எல்லோரும் செம்மஞ்சள் சட்டையோடு வட்டமாக நின்றார்கள். ஒரு பெரியவர் விதி சொன்னார்: கொம்பு ஊதினால் தொடக்கம், மறுபடி ஊதும்வரை யாரும் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் குண்டு யாரென்று பார்க்காது. எங்கள் இடம் ஒரு ஓக் மரத்தடி. கோட்டைத் திறந்துவிட்டு நடந்தேன், வந்து பூட்டினேன். உறைபனி இலைகளில் சீனிபோலக் கிடந்தது. எனக்குக் கொஞ்சமும் குளிரவில்லை.

கொம்பு ஊதியது. தூரத்தில் நாய் குரைத்தது. பிறகு, புதருக்குள்ளிருந்து ஒரு பெரிய பன்றி எங்களுக்கு நேரே வந்தது. கிரிகோரி மூச்சை அடக்கினார். அது நின்று மூக்கைத் தூக்கியது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவளைப் போலத் திரும்பி ஓடிவிட்டது.

அடுத்த இடத்தில் நின்றவன் சுட்டான்.

எப்படி விழுந்தேன் என்று தெரியாது. இலைக்குள் முகம் இருந்தது, கைகள் தலைக்கு மேல் இருந்தன. இன்னொரு வெடி. இன்னொன்று. பிள்ளையின் கலியாணம், மானம், மரியாதை, எல்லாம் தெரிந்தும் எழும்ப முடியவில்லை. உடம்பு கேட்கவில்லை, கேட்கவே இல்லை—

பக்கத்தில் துவக்கிலிருந்து தோட்டா கழற்றுகிற சத்தம். கிரிகோரி குந்தினார்.

"குளிருதா?"

அவர் எனக்கு வழி திறந்துவிட்டார் என்று இப்போது தெரிகிறது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் நெஞ்சு அடுப்புப் போல எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லை" என்றேன். "குளிரேல்லை."

அவர் கையுறையைக் கழற்றினார். என் கையைப் பிடித்தார். நகரக்கூடாது என்பது விதி; அவரும் நகரவில்லை. கொம்பு மறுபடி ஊதும்வரை இரண்டு பேரும் மரத்தடியில் அப்படியே குந்தியிருந்தோம்.

மற்றவர்கள் வந்தார்கள். பன்றி ஏன் உங்கள் பக்கம் வந்து திரும்பியது என்று கேட்டார்கள். கிரிகோரி என் தோளில் கைபோட்டு, "என் நண்பர் ஒரு முழு மருந்துக்கடையைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் சட்டையில் ஒட்டியிருந்த இலையை ஒருவரும் கவனிக்கவில்லை.

வழி முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மிதுசன் வாசலில் நின்று "எப்பிடி அப்பா?" என்று கேட்டான். "பண்டி தப்பிவிட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆளைத் தெரியவேண்டும் என்றார். நன்றாகத் தெரிந்திருக்கும்.

14 ஜனவரி, பொங்கல்

பூரணிக்கு டெலிபோன் வந்தது. கிரிகோரி. நான் பானையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கேட்டாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"என்னைச் சம்பந்தியம்மா எண்டு கூப்பிடுறார்."

15 ஜூன் 2013

காலையில் கோயில் மாதிரிப் பெரிய சேர்ச், பின்னேரம் மண்டபத்தில் தாலி. இரண்டு சடங்கு, மூன்று சாப்பாடு, ஒரு வயிற்றுவலி. லெத்திசியா கூறைச் சேலையில் தடக்கி விழப் பார்த்தாள். கிரிகோரி ஓடிப்போய்ப் பிடித்தார், பிறகு மூலையில் நின்று கண்ணைத் துடைத்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

14 ஜூலை

வெளியே வெடி தொடங்கியிருந்தது. குளியலறைக் கதவைப் பூரணி தட்டினாள். திறந்தேன். கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள்.

8 டிசம்பர் 2013, ஞாயிறு

போன கிழமை கிரிகோரி தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த வருசமும் போறேன். நீங்க வரணும்னு இல்ல, சம்பந்தி. சும்மா சொன்னேன்."

நேற்றுப் போனேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டதென்று இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை, அதுதான். இந்தமுறை வெறும் மெரினோதான். பூரணியைத் தைலப் போத்தலுக்குக் கிட்டவும் விடவில்லை. காரில் யன்னல் பூட்டியே இருந்தது.

அதே ஓக் மரம். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து காட்டுக்குள் அடித்தது. கோட்டைப் பூட்டிக்கொண்டு மரத்தில் சாய்ந்தேன். காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது.

கிரிகோரி சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்ததும் எனக்கு வாசம் அடித்தது. எங்கள் தைலம். ரூ லூயி-பிளாங்கில் எங்கள் ஆட்களின் கடைக்குத் தானே போய் வாங்கினாராம். கழுத்தில் பூசினார், மணிக்கட்டில் பூசினார், தொப்பியில் பூசினார், கடைசியில் துவக்குக் கட்டையிலும் தாராளமாகப் பூசினார். நாற்பது வருட வேட்டைக்காரர். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க, சம்பந்தி" என்றார். "இன்னிக்கு நம்ம பக்கம் ஒரு பன்னியும் வராது."

போத்தலைப் பையில் போட்டுவிட்டு, என் கையைப் பிடிக்கத் தோதாக ஒரு கையுறையைக் கழற்றினார். கொம்பு ஊதியது.