கொழும்பில் அம்மாவுக்கு ஐந்து கிழமை இடம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
24 பெப்ரவரி, செவ்வாய்

அன்பு மகள் தர்சிகாவுக்கு,

அம்மாவின் கதிர்ச் சிகிச்சை மார்ச் ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை கொழும்பில் தொடங்குகிறது, சனி ஞாயிறு தவிர்த்து இருபத்தைந்து நாள், அதாவது ஐந்து கிழமை. இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு கிளினிக் தாதி தொலைபேசியில் உறுதிப்படுத்திச் சொன்னது, இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டேன். மற்றப்படி அம்மாவின் சத்திரசிகிச்சைக் காயம் ஆறிவிட்டது, நானும் நடமாடுகிறேன், நீயும் மருமகன் துவாரகனும் ஒஸ்லோக் குளிரில் சுகமாய் இருப்பதே எங்களுக்குப் போதும். கடிதம் தபாலில் போனால் பிந்திவிடும், படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு இடங்களையும் விசாரித்தேன். வெள்ளவத்தை பிளாட் நான்காம் மாடி, சமைக்கக் குசினி, பிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கும் மெஷின் எல்லாம் உண்டு. கதவுத் திறப்பைத் தர ஆள் இல்லை, வாசலில் ஒரு சின்னப் பெட்டி, இலக்கத்தை அழுத்தி நாங்களே எடுக்க வேண்டுமாம். கரண்ட் போனால் லிப்ட் நிற்கும், அதை வீட்டுக்காரப் பெண் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். மற்ற இடமான ஹோட்டலில் ஓர் அறையும் ஒரு சுடுதண்ணீர்க் கேத்தலும் மட்டும். ஆனால் லிப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, கீழே இரவு பகலாய் ஆள் இருக்கும். முன்வீட்டு ஜவ்பர் போன வருடம் மனைவி பஹ்மியாவை இதே வைத்தியத்துக்குக் கொண்டுபோய் ஹோட்டலில் தங்கினவர். மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்தச் சாப்பாடு ஜவ்பருக்குத் தொண்டையால் இறங்கவில்லையாம், குசினி உள்ள இடமாய்ப் பாருங்கோ என்றார். நீயும் அதையே சொன்னாய், நானும் ஓம் என்றேன், நீ பிளாட்டைப் பதிவு செய்தாய்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியில் சட்டிகளையும் தேங்காய்த் திருவலையையும் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா பாதியில் கதிரையில் இருந்துவிட்டார். கை நோகுதா என்று கேட்டேன். “குசினி இருக்கு, குசினி இருக்கு எண்டு அப்பாவும் மகளும் கதைக்கிறியள். அதுக்குள்ள நிக்கப்போறது ஆர்?” என்றார். நான் சமைப்பேன் என்றேன். “நீங்களோ? சீனிப் போத்தல் எங்க எண்டு இண்டைக்கும் என்னைத்தானே கேட்டனீங்கள்” என்று சிரித்தார், சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், இந்த ஐந்து கிழமையாவது ஆரோ விரித்த கட்டிலில் படுக்க வேண்டும், ஆரோ கொண்டுவந்து வைப்பதைச் சாப்பிட வேண்டும், ஏலாவிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று. முப்பத்தெட்டு வருடம் பத்திரிகைக்காக ஊரெல்லாம் கேட்டு எழுதினவன், இந்த விஷயத்திலும் எல்லோரையும் கேட்டேன், அங்கே படுக்கப்போகிறவரைக் கேட்கவில்லை. அதை நினைக்கக் களைப்பாக இருக்கிறது பிள்ளை. உன்னில் பிழையில்லை.

நேற்று ஹோட்டலுக்கு மீண்டும் தொலைபேசி எடுத்தேன். சமையற்காரர் தனஞ்சயன் எங்கள் தம்பலகாமத்து ஆள். உறைப்பில்லாமல் கஞ்சியும் குழைந்த சோறும் தரலாம் ஐயா, ஆனால் மனேச்சர் ஓம் எண்டு சொல்ல வேணும் என்றார். அதை மட்டும் நம்பி இருக்க ஏலாது, ஆகவே பஹ்மியாவிடம் கஞ்சி வைக்கப் பழகுகிறேன். இன்று மத்தியானம் நான் வைத்ததை அம்மா அரைக் கோப்பை குடித்தார், உப்புக் கேட்டார்.

வேலைக்குப் போகும் முன் இரண்டு வாயாவது சாப்பிட்டுப் போ. அம்மாவுடன் கதைக்கும்போது குசினிக் கதையை எடுக்காதே. பத்திரகாளி அம்மன் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு.

மனேச்சரின் பதில் வியாழன் பின்னேரம் நாலு மணிக்குள் வரும் என்றார்கள். பிளாட்டைக் கைவிட வெள்ளி மத்தியானம் வரை நேரம் இருக்கிறது, அதுவரை நீ ஒன்றையும் ரத்துச் செய்யாதே. அவர் மறுத்தால் பிளாட்டுக்குத்தான் போகிறோம், சமையல் நான். அம்மா அதை இன்னும் நம்பவில்லை.

அன்புடன் அப்பா,
கனகசுந்தரம்