மூன்றாம் கதவின் பதினெட்டு விநாடிகள்

அனுப்புநர்:
தாரு வெஹ்மனென்,
படுக்கை விரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்,
'இல்தாருஸ்கோ' பயணிகள் கப்பல்,
வீட்டு முகவரி: நாந்தாலி, பின்லாந்து.

பெறுநர்:
முதன்மை விசாரணை அதிகாரி அவர்கள்,
கடல் விபத்து விசாரணைப் பிரிவு,
துர்க்கு.

பொருள்: 14.10.2024 அன்று 'இல்தாருஸ்கோ' கப்பலின் இரண்டாம் தளத்தில் ஊழியர் ரைமோ ஹியேதாலா வலது கையை இழந்த விபத்து – காரணம் பற்றிய முடிவைத் திருத்தவும், கப்பலின் பதிவுகள் அழியுமுன் கைப்பற்றவும் கோருவது.

பார்வை: தங்களது முதற்கட்ட அறிக்கை, பக்கம் 11, கடைசிப் பத்தி.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

1. நான் மேற்படி கப்பலில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தங்கள் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், "கதவை முழுவதும் திறக்காமல் கடக்க முயன்ற ஊழியரின் தனிப்பட்ட கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று முடிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தில் கதவை முழுவதும் திறக்கவில்லை என்ற பகுதி உண்மை. மீதி தவறு. அது தவறு என்று என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. ஏனென்றால், கதவைப் பாதி திறந்து கடக்கும் வித்தையை ரைமோவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

2. தாங்கள் அறிந்த விஷயம்தான் என்றாலும், இனிச் சொல்லப்போவது இதைச் சார்ந்திருப்பதால் எழுதுகிறேன். கப்பலின் இரண்டாம் தளத்தில், கார்கள் நிற்கும் தளத்துக்குக் கீழே, விலை குறைந்த பயணியர் அறைகள் நான்கு பகுதிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியின் நுழைவிலும் ஒன்றாக நான்கு நீர்புகாக் கதவுகள். கப்பல் தீவுக்கூட்டத்தின் குறுகலான வழியில் வரும்போது அவை மூடியே இருக்க வேண்டும். கடக்க வேண்டியவர், இரு பக்கமிருந்தும் எட்டும் பிடியை இழுத்துப் பிடித்தால் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். பிடியை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். நடுவில் துணி இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா, மனிதர் இருக்கிறாரா என்று அது பார்க்காது. கப்பலில் ஓட்டை விழுந்தால் அதைக் காப்பாற்ற வேண்டிய கதவு அது, அப்படித்தான் இருக்க வேண்டும். கதவின் மேல் எனக்குப் புகார் இல்லை.

3. முழுவதும் திறக்க இருபத்தைந்து விநாடி, மூட இருபத்தைந்து விநாடி. முழுவதும் திறக்கும்வரை காத்திரு, இரு கைகளும் காலியாக இருக்கும்போது மட்டும் கட, தள்ளுவண்டி இருந்தால் ஒருவர் பிடியைப் பிடிக்க மற்றவர் வண்டியைத் தள்ளட்டும் – இதுதான் கப்பலின் விதி. கதவுக்குப் பக்கத்தில் மூன்று மொழிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. தங்கள் அறிக்கையில் அதன் புகைப்படமும் இருக்கிறது.

4. இந்த ஆண்டு ஏப்ரல் வரை நானும் ரைமோவும் சேர்ந்து அந்தத் தளத்தில் வேலை செய்தோம். ஒருவர் பிடிப்போம், ஒருவர் தள்ளுவோம். ரைமோ லொய்மாவில் முப்பது ஆண்டுகள் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடப்பட்டதால் ஐம்பத்து நான்கு வயதில் கப்பலுக்கு வந்தார். பொறுப்பாளர் என்பதால் என்னை 'மேஸ்திரியம்மா' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார். கப்பலின் சமையல்கூடத்தில் சுடும் ரை தானிய ரொட்டியைத் தட்டிப் பார்த்து, "இத அலைக்குப் பயந்து கல்லா சுட்டிருக்காங்க, நங்கூரத்துக்கு ஆகும்" என்பார். விதிகளைக் கடைப்பிடிப்பதில் என்னைவிடக் கறாரான ஆள். நான் அவசரப்பட்டபோதெல்லாம் கதவு முழுக்கத் திறக்கும்வரை வண்டியை நகர்த்தவே மாட்டார்.

5. ஏப்ரல் 8 முதல் அந்தத் தளத்துக்கு ஒரே ஆள் போதும் என்று நிறுவனம் முடிவு செய்தது. என்னை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு வண்டி வீதம் துணி போக வேண்டும். போகவும் வரவும் சேர்த்து, ஒரு வேளைக்கு நாற்பது தடவை கதவுகளைக் கடக்க வேண்டியிருக்கும். விதிப்படி கடந்தால் கதவுகளுக்கே ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம் ஆகும். துணியை ஏற்றி, இறக்கி, அடுக்கி முடிக்க மொத்தமாகக் கொடுக்கப்படும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். அதைவிட முக்கியமானது, தனி ஆள் ஒருவர் வண்டியோடு அந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது. அவருக்கு மூன்றாவது கை வேண்டும்.

6. முதல் நாள் ரைமோ நாற்பது நிமிடம் தாமதமானார். துர்க்குவில் ஏறிய பயணிகள் விரிப்பில்லாத படுக்கைகளைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். மறுநாள் நான் கீழே இறங்கிப் போய், மூன்றாம் கதவின் முன் நின்று அவருக்குச் செய்துகாட்டினேன். இடது கையால் பிடியை இழு. வண்டியின் அகலத்துக்குக் கதவு விலகியதும் வலது கையால் வண்டியை இழுத்துக்கொண்டு நழுவு. அந்தப் பக்கம் போய்ப் பிடியை விடு. திறந்து மூட மொத்தம் பதினெட்டு விநாடி. எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குக் காட்டியதும் இதுவே. கப்பலில் இதற்கு 'நழுவல்' என்று பெயரே உண்டு. ரைமோ பார்த்துவிட்டு, "இது நல்லால்ல, மேஸ்திரியம்மா" என்றார். "வேற வழி இருந்தா நீயே சொல்லு" என்றேன். அன்றிலிருந்து அவரும் நழுவத் தொடங்கினார்.

7. மே மாதப் பாதுகாப்புக் கூட்டத்தில் நான் இரண்டாவது ஆளைத் திரும்பக் கேட்டேன். முதல் துணைக் கேப்டன் எனக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. வேலையும் நேரத்துக்கு முடியுது. அப்புறம் என்ன?" கூட்டக் குறிப்பில் என் கோரிக்கை எழுதப்படவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

8. அக்டோபர் 14 மாலை 5.40 மணிக்கு நான் இரண்டாம் தளத்துக்குப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கதவு நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி அடித்தது. நாற்பது தடவை அடிக்கும் மணியை யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்கவில்லை. பிறகு ரவுமாவிலிருந்து வந்த பயணி ஒருவர் தன் அறை வாசலில் நின்று அலறியது கேட்டது. வண்டியின் முன்சக்கரம் கதவின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கிறது. அதை விடுவிக்கக் குனிந்தபோது ரைமோவின் இடது கை பிடியிலிருந்து நழுவிவிட்டது. வண்டி பின்னுக்கு உருண்டு, வந்த பக்கமே போய்விட்டது. அதை இழுத்துக்கொண்டிருந்த வலது கை முழங்கைக்குக் கீழே கதவில் சிக்கியது. பிடியை இழுத்துத் திறந்தது நான்தான். அவர் தரையில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "துணியில ரத்தம் படாம வண்டியத் தள்ளி நிறுத்து." நான் வண்டியைத் தள்ளி நிறுத்தினேன். அவர் சொன்னதைச் செய்தேன் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

9. தங்கள் அறிக்கை பெரிதும் நம்பியிருப்பது ரைமோ 19.10.2024 அன்று மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலத்தை. "விதி எனக்குத் தெரியும், நான் மீறினேன், வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை" என்று அதில் இருக்கிறது. கீழே உள்ள கையெழுத்தைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். வலது கையை எடுத்து ஐந்து நாள்கூட ஆகாத மனிதர் இடது கையால் போட்ட கையெழுத்து அது. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையிலா அவர் இருந்திருப்பார்?

10. ஆனால் அவர் மயக்கத்தில் உளறவில்லை என்பதையும் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 21ஆம் தேதி நான் பார்க்கப் போனபோது தெளிவாகவே இருந்தார். ஏன் இப்படி எழுதிக்கொடுத்தாய் என்று சண்டை போட்டேன். "கதவுலயே எழுதியிருக்கு முழுசா தொறன்னு. நான் தொறக்கல. அவ்ளோதான் கதை" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "நீ சொல்லிக்குடுத்தேன்னு சொன்னா ஒன் வேலை போயிரும். போன கை போனதுதான். ரெண்டு பேரும் எதுக்கு வீட்ல ஒக்காரணும்? பேசாமப் போ, காபி ஆறுது" என்றார். அந்த வாக்குமூலம் இப்படித்தான் உருவானது. என்னைக் காப்பாற்ற எழுதப்பட்ட பொய்யைத் தங்கள் அலுவலகம் விபத்தின் காரணமாக அச்சிட்டிருக்கிறது.

11. நிறுவனம் தங்களிடம், ஊழியர்கள் கதவைப் பாதி திறந்து கடப்பது தனக்குத் தெரியாது என்று கூறியிருக்கிறது. கப்பலைச் செலுத்தும் அறையில் ஒரு பலகை இருக்கிறது. நீர்புகாக் கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு; மூடியிருந்தால் பச்சை, திறந்தால் சிவப்பு. கப்பலின் மின்பணியாளர் தோர்ஸ்டன் லிண்ட்ரூஸ் அந்தப் பலகையைப் பராமரிப்பவர். தன் பெயரைச் சேர்க்க அவர் எனக்கு அனுமதி தந்திருக்கிறார். அவர் சொன்னது: "முழுசாத் தொறந்து மூடினா சிவப்பு அம்பது செகண்டு எரியணும். ஏப்ரல்லருந்து விபத்து வரைக்கும் கீழ்த்தளத்துக் கதவு பதினெட்டுக்கு மேல எரிஞ்சு நான் பாத்ததில்ல. மேல நிக்கிறவங்க யாருக்கும் கண்ணு தெரியாமல்ல." ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் நாற்பது தடவை அந்த விளக்கு இதைச் சொல்லியிருக்கிறது. ஒருவரும் கீழே தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. கண்டும் காணாமல் இருந்ததற்குப் பெயர் தெரியாமல் இருந்தது என்று அவர்கள் எழுதுவதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

12. அந்த விளக்குகள் எரிந்த நேரம் எல்லாம் கப்பலின் பயணப் பதிவுக் கருவியில் சேருகிறது. விபத்து நடந்த நாளின் பன்னிரண்டு மணி நேரப் பதிவு மட்டுமே தங்களுக்காக எடுத்துக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு மாலைதான் தெரியும்; கவனக்குறைவு என்றுதான் தோன்றும். மற்ற நாள்களின் பதிவு கருவியில் முப்பது நாள் இருக்கும், பிறகு அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும் என்று லிண்ட்ரூஸ் கூறுகிறார். இன்று நவம்பர் 6. விபத்துக்கு முந்தைய நாள்களில் ஏழுதான் மிச்சம். நாளை ஆறு.

13. என் சொல்லையும் லிண்ட்ரூஸ் சொல்லையும் நம்பாவிட்டாலும், நிறுவனத்தின் சொல்லையாவது நம்புங்கள். விபத்துக்குப் பிறகு இரண்டாம் தளத்துக்கு என்னைப் போட்டார்கள், தனியாக. விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன். தனி ஆளால் வண்டியைக் கொண்டுபோக முடியாது என்பதால், என் தம்பி லாப்லாந்துக்கு மலையேறப் போகும்போது தூக்கும் பெரிய முதுகுப்பையை வாங்கிவந்து, அதில் விரிப்புகளை அடைத்துச் சுமந்தேன். இரு கைகளும் காலி. கதவு முழுவதும் திறக்கும்வரை நின்றேன், முழுவதும் மூடும்வரை நின்றேன். பயணிகள் சிரித்தார்கள்; ஒருவர், "துருவத்துக்கா கெளம்பிட்டீங்க?" என்றார். ஏழு நாளும் ஒன்றரை மணி நேரம் தாமதம்.

14. ஏழாம் நாள், 28.10.2024 அன்று, நிறுவனம் எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தது. அசல் இத்துடன் இருக்கிறது. அதன் இரண்டாம் வரி: "இரண்டாம் தளத்தில் தாங்கள் பின்பற்றும் வேலைமுறை ஏற்கத்தக்கதல்ல. உடனடியாக வழக்கமான முறைக்குத் திரும்புமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்." ரைமோ கையை இழந்து இரண்டே வாரம் ஆகியிருந்தபோது எழுதப்பட்டது இது. அந்த வழக்கமான முறை எது என்று நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். விதியை மீறியதால் ஒருவர் குற்றவாளி, விதியைக் கடைப்பிடித்ததால் இன்னொருத்தி குற்றவாளி என்றால், அந்தத் தளத்தில் குற்றமில்லாமல் வேலை செய்வது எப்படி என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

15. ஆகவே பதிவுக் கருவியில் மிச்சமிருக்கும் நாள்கள் அனைத்தையும் இன்றே கைப்பற்ற ஆணையிடுமாறும், அவற்றைப் பார்க்கும்வரை அறிக்கையை இறுதி செய்யாமல் நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது ஆள் வரும்வரை கப்பல் ஓடும்போது அந்தத் தளத்தில் வண்டி போகக் கூடாது என்று தடை வேண்டும். பதினோராம் பக்கத்தில் 'தனிப்பட்ட கவனக்குறைவு' என்ற சொற்களை நீக்கி, ரைமோ ஹியேதாலா தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார் என்று எழுத வேண்டும். கற்பித்தது யார் என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதலாம். அதன் விளைவு என் வேலை என்றால் அதற்குத் தயாராகவே வந்திருக்கிறேன்.

16. இம்மனுவைப் பற்றி ரைமோவிடம் சொல்லவில்லை. தெரிந்தால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். பரவாயில்லை. செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு அவர் என்னோடு பேசுவதைவிட அது மேல்.

17. தபாலில் அனுப்பினால் ஏழில் இரண்டு நாள் வழியிலேயே போய்விடும் என்பதால் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். 'இல்தாருஸ்கோ' இன்று மாலை 6.50க்குத் துர்க்கு துறைமுகத்துக்கு வந்து 8.15க்குக் கிளம்பும். பதிவுக் கருவியை எடுக்கத் தங்கள் ஆள் ஒருவருக்கு அந்த நேரம் போதும். அவர் கப்பலுக்குப் புறப்படும்வரை கீழே வரவேற்பறையில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அலுவலகம் நான்கு மணிக்குப் பூட்டப்படும் என்று காவலர் சொன்னார். பூட்டினால் வாசல் படியில் இருப்பேன்.

மேலே எழுதியவை யாவும் நான் செய்தவை, பார்த்தவை, என் காதால் கேட்டவை என உறுதி கூறுகிறேன்.

இடம்: துர்க்கு
நாள்: 06.11.2024, காலை 9.10

(ஒப்பம்)
தாரு வெஹ்மனென்

இணைப்பு: 28.10.2024 தேதியிட்ட எச்சரிக்கைக் கடிதம், அசல். நகல் எடுத்தபின் திருப்பித் தர வேண்டாம்.