தங்கப் பெயிண்டு போல்ட்டுகள்

மோவாப், யூட்டா

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னன் எழுதறேன். உங்க முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

பாறை ஏறுற ஜீப்புல, டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம் உண்டு. சுத்திலும் போல்ட். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கினதும் அத்தனையையும் திரும்ப முறுக்கணும். எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற பிராக்ஸ்டன் மட்டும், "தொடாதப்பா, தங்கப் பெயிண்டு உரிஞ்சிடும்"னு தடுத்துட்டான். நேத்து சரிவுல அவன் ஜீப்புக்குப் பக்கத்துல நான் நின்னு வழி காட்டறப்போ போல்ட்டெல்லாம் தெறிச்சு, டயர் கழண்டுடுச்சு. ஒண்ணு என்மேல லேசா உரசிட்டுப் போச்சு, அவ்வளவுதான். அந்த ஆளு ஓடிவந்து, குனிஞ்சு ரிம்மைத் தடவி, "ஐயோ, கீறல் விழுந்துடுச்சே!"ங்கிறான். த்தூ!

உங்க பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்புங்க. தபால் வண்டி வந்துடுச்சு, முடிக்கிறேன். கண் கட்டைப் பிரிக்கிறவரைக்கும் என் எழுத்து இப்படிக் கோணலாத்தான் இருக்கும்.

வெர்னன்