வாசலில் நின்ற வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. இன்று காலை மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகே எழுதுகிறேன். மாடிப்படி ஏறவும் அனுமதி தந்துவிட்டார். உன் அண்ணிதான் இன்னும் தரவில்லை.

நீ ஊருக்குத் திரும்பியதும் ஆம்புலன்ஸ் செவிலியர் மீது அனுப்பிய புகாரின் நகல் எனக்கு வந்தது. விசாரணை முடியும்வரை அவரை வண்டிப் பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். புகாரைக் கோவையாகவே எழுதியிருக்கிறாய். வக்கீலின் தம்பி என்று தெரிகிறது. நீ கண்டது ஒவ்வொன்றும் உண்மை. அதிலிருந்து எட்டிய முடிவுதான் தவறு.

எனக்கு மாரடைப்பு வந்த அன்று, வண்டி வந்த பிறகும் வீட்டில் நேரத்தை வீணாக்கினார் என்பது உன் முதல் குற்றச்சாட்டு. நீ கீழே தெருவில் காரோடு தவித்துக்கொண்டிருந்தாய். மேலே அவர் என் மார்பில் ஒயர்களை ஒட்டி, இ.சி.ஜி. எடுத்து, அதை இதய மருத்துவரின் கைபேசிக்கு அனுப்பி, அவர் சொற்படி ஒரு மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார். என்ன வகை அடைப்பு என்று தெரிந்தால்தான் எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்ய முடியும். வீணான நேரம் ஏதும் உண்டென்றால் அது என்னைச் சேர்ந்தது. சம்மதப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். ஒரு வரியில் திருத்தமும் கோரினேன். அந்த அம்மாள், "திருத்துங்க சார், நான் வேணாம்னு சொல்லல. படுத்துக்கிட்டே திருத்துங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசிக்கு நரம்பைத் தேடினார்.

அருகிலிருந்த மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் தொலைவிலிருந்ததற்குக் கொண்டுபோனார் என்பது இரண்டாவது. காரில் பின்தொடர்ந்த நீ வண்டி நின்றதைக் கண்டாய். வண்டிக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நானே காரணம்.

அந்த வாசலில் என் இதயம் நின்றுவிட்டது.

இதை நான் நேரில் அறிந்தவன் அல்லன். மருத்துவர் சொல்லக் கேட்டும், இயந்திரப் பதிவைப் பார்த்தும் எழுதுகிறேன். செவிலியர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மார்பில் மின்னதிர்ச்சி கொடுத்து, இதயத்தை மீண்டும் துடிக்க வைத்தார். நாடி நிலைத்ததும் கைபேசியில் இதய மருத்துவரிடம் கேட்டார். அடைப்பை நீக்கும் வசதி அந்த மருத்துவமனையில் இல்லை, நேரே இங்கே வாருங்கள் என்பது அவர் தந்த பதில்.

நினைவு திரும்பியதும் செவிலியரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: என் வீட்டாருக்கு இது தெரிய வேண்டாம். சற்று நேரத்தில் நீ மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவரை மறித்து, "யாரைக் கேட்டு அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டுனீங்க? நீங்க என்ன டாக்டரா?" என்று கத்தினாயாம். "உங்க அண்ணன் கொஞ்சம் தேறட்டும், அவர்கிட்டயே கேளுங்க சார்" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். நீ என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவது தட்டை வைக்கும் ஓசையில் மட்டுமே.

வெள்ளிக்கிழமை விசாரணை. நான் அவருக்காகச் சாட்சி சொல்லப் போகிறேன்; அவர் மீண்டும் வண்டியில் ஏறுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதற்கு முன் உன் கையாலேயே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். எதிர்த்தரப்பில் உன் பெயரைப் பார்க்க எனக்கு மனமில்லை.

நீயும் பிள்ளைகளும் குறைவின்றி வாழ என் ஆசிகள். பிறகு கிளம்பி வா. ஏன் மறைத்தாய் என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கேட்டுக்கொள்ள நான் இருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
அண்ணன்