இரைச்சலுக்கு அங்கிட்டு

ஜனவரி 20, திங்கள்

இன்னைக்கும் ஒண்ணும் விளங்கல. ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டேன். மாவு மில்லு ஓடுற மாதிரி கர்ர்ர்னு இரைச்சல். அதுக்குள்ள யாரோ பேசுறாக, வாத்து கத்துற மாதிரி இருக்கு. வெளியில மயிலும் கத்துது. மயிலாச்சும் மயிலுன்னு தெரியுது.

இந்த நோட்டு எங்க வீட்டுக்காரவுகளோடது. ரேடியோன்னா பாட்டுக் கேக்குறது இல்ல, வெளியூர் ஆளுககூடப் பேசுற ஹாம் ரேடியோ. அதுல யார்கூட எத்தனை மணிக்குப் பேசினோம்னு தேதி போட்டு எழுதுவாக. நவம்பர்ல அவுக போனதோட நின்னுருச்சு. பாதி நோட்டு வெள்ளையாக் கிடக்கு. நான் அஞ்சாம் வகுப்புதான், எழுத்து கோணல்மாணல். இருந்தாலும் எழுதுறேன். வீட்ல வேற யாருகிட்ட பேச?

ஜனவரி 22

திருச்சியிலேர்ந்து பீட்டர் தம்பி போன். அவுககூட இருபது வருசம் ரேடியோவில பேசின பிள்ளை. எனக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. மாடி ரூம்ல இருந்த ரேடியோவைக் கீழ எறக்கி, ஹால்ல அவுக போட்டோவுக்கு நேர் கீழ மேசையில வச்சுட்டுப் போனது இவருதான். மைக்கை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டாரு. லைசன்ஸ் அவுக பேர்ல, நான் பேசக்கூடாது. கேக்கலாம்.

"அக்கா, பிப்ரவரி பதினாறு சாரோட பொறந்தநாள், ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு நாங்க எல்லாரும் சாரைப் பத்தித்தான் பேசப்போறோம். நீங்க கேக்கணும்."

எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு வார்த்தையும் விளங்கலையே தம்பின்னேன். பதிஞ்சு போன்ல அனுப்புறேன்னாரு. வேணாம்னுட்டேன். அவுக எப்படிக் கேட்டாகளோ அப்படித்தான் கேக்கணும்.

முப்பத்தோரு வருசம். தினம் காலையில மாடி ரூம்லேர்ந்து சிரிப்புச் சத்தம் மட்டும் எறங்கி வரும். கீழ என்கிட்ட நாலு வார்த்தை, சாப்பாடு, செருப்பு, மோட்டார் காயில் கட்டுற கடைக்குக் கிளம்பிருவாக. என்கிட்ட சிரிக்காத சிரிப்பு அங்க என்ன சிரிப்பு? இது பொறாமையா? இருக்கட்டும். எனக்குத் தெரியணும்.

ஜனவரி 26, ஞாயிறு

மகள் மோகனப்ரியா திருப்பூர்லேர்ந்து வந்தா. அவ வீட்ல இருந்த பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்து மாட்டினா. கோயில் மேளம் மாதிரி டும்டும்னு அதிருது, பேச்சு இன்னும் மோசம்.

குளத்தூர் ரகுநாத் சாருக்குப் போன் போட்டோம். ரிட்டயர்டு வாத்தியார், அவரும் இந்தக் கூட்டம்தான். "அது பாட்டுக் கேக்குற பெட்டிம்மா. நமக்கு மனுசக் குரல்தானே வேணும்? சின்ன ஸ்பீக்கராப் போதும், உங்க மூஞ்சியப் பாத்து வைங்க. ரேடியோவோட ஸ்பீக்கர் மேல் மூடியில இருக்கு, அதுல எதையும் வச்சிறாதீங்க."

நானும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். தூசி படக்கூடாதுன்னு அந்த மூடிமேலதான் ரெண்டா மடிச்ச பூத்துணியைப் போட்டு வச்சிருக்கேன். வாயைப் பொத்திட்டுப் பேசு பேசுன்னா எப்படிப் பேசும்? மூணு மாசத்துக்கு அப்புறம் நல்லாச் சிரிச்சோம்.

ஜனவரி 29

சின்ன ஸ்பீக்கரை எதுக்க வச்சாச்சு.

பீட்டர் தம்பி போன்லயே சொல்லிக் குடுத்தாரு. பெரிய குமிழை மயிரிழை மயிரிழையாத் திருப்பணுமாம். திருப்பினேன். வாத்து கொஞ்சம் கொஞ்சமா ஆம்பளையாச்சு! அப்புறம் இன்னொரு குமிழு, ஆர்.எஃப்.னு எழுதியிருக்கு. அதைக் குறைச்சு, சத்தத்தைக் கூட்டணும். பால் பொங்குறப்ப அடுப்பைக் குறைக்கிறோம்ல, அந்தக் கணக்குதான். அப்புறம் சலிக்கிற பட்டன். அதை அமுக்கினா பக்கத்துப் பேச்செல்லாம் சல்லடையில நின்னுக்கிது.

அவுக நோட்டுல வரிக்கு வரி 5-9, 5-7ன்னு கிடக்கே, அது என்னன்னு கேட்டேன். முதல் எண் பேச்சு எவ்வளவு விளங்குதுங்கிறது, அஞ்சுன்னா முழுசா. அடுத்தது எவ்வளவு பலமா வருதுங்கிறது, ஒம்பதுக்கு.

"இப்ப உங்களுக்கு எவ்வளவுக்கா?"

"ரெண்டு போட்டுக்கங்க தம்பி."

மில்லு இன்னும் ஓடுது.

பிப்ரவரி 4

கண்ணாத்தாள் மதினி வந்திருந்தாக. அவுகளோட அக்கா. ரேடியோவைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. "தம்பி இருந்தவரைக்கும் அந்தப் பெட்டியத் திட்டின. இப்ப நீயே காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. நல்ல வேடிக்கைடி உண்ணாமலை." சரிதானே.

போகும்போது போட்டோவுக்கு முன்னால எரியுற மினுக்கு லைட்டைத் துடைச்சு வச்சாக. காரியத்தன்னைக்கு அவுகளே கடைவீதியில வாங்கிட்டு வந்து மாட்டினது. "வருசம் திரும்புற வரைக்கும் இது அணையக்கூடாது, தெரியும்ல?" தெரியும் மதினி.

பிப்ரவரி 7

ஏழு இருபதுக்குக் கரண்டு போச்சு. ரேடியோ பேட்டரியில ஓடுறது, அது நிக்கல. நின்னது மில்லு!

ஆத்தாடி. கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா இருக்குமே, அந்த மாதிரி ஒரு அமைதி. அதுக்குள்ளேர்ந்து ரகுநாத் சார், பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி, "இங்க பனி ஜாஸ்தி" அப்படின்னாரு. பனி ஜாஸ்தி!

நாலு நிமிசம். கரண்டு வந்துச்சு. போட்டோ லைட்டு மினுக்குச்சு. மில்லும் வந்துருச்சு.

பிப்ரவரி 8

இரைச்சல் வீட்டுக்குள்ளேர்ந்துதான் வருதுன்னு பீட்டர் தம்பி. கரண்டுல ஓடுற சாமான் ஏதோ ஒண்ணு ரேடியோவுக்குள்ள இரைச்சலைக் கிளப்புதாம். ஒவ்வொரு சுவிட்சா அணைச்சுப் பாக்கச் சொன்னாரு. ஃபேன் – இல்ல. ஃபிரிட்ஜ் – இல்ல. போன் சார்ஜர் – கொஞ்சம் குறைஞ்சுது, மில்லு நிக்கல. டியூப்லைட் – இல்ல.

மிச்சம் ஒண்ணுதான். அதை அணைக்கல.

பிப்ரவரி 9

அணைச்சேன். நின்னுருச்சு. உடனே திரும்பப் போட்டுட்டேன்.

பிப்ரவரி 11

அவுக முகத்துக்கு வெளிச்சம் குடுக்கிறதா, அவுகளைப் பத்தின பேச்சைக் கேக்கிறதா? ஒரு மணி நேரந்தானே, மதினிக்குத் தெரியவா போகுதுன்னு மனசு சொல்லுது. திருட்டுத்தனமா வெளக்கை அணைச்சுட்டுக் கேட்டா அது காதுல ஏறுமா?

பிப்ரவரி 13

அகல் வாங்கினேன். நல்லெண்ணெய் ஊத்தித் திரி போட்டு ஏத்தி வச்சுட்டு, அது நின்னு எரிஞ்சப்பறம்தான் மினுக்கு லைட்டைக் கழட்டினேன். மதினிக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன்.

"நான் வாங்கினதைக் கழட்டிட்டியாக்கும்?"

"வெளக்கு அணையல மதினி. ஆளு மாறியிருக்கு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை வாங்க, வந்து பாருங்க."

டக்னு வச்சுட்டாக.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆறரைக்கே மதினி வந்துட்டாக. அகல்ல எண்ணெய் இருக்கான்னு பாத்தாக, உக்காந்தாக.

ஏழு மணி. கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு.

முதல்ல பீட்டர் தம்பி. "விராலிமலையில அக்கா கேட்டுக்கிட்டிருக்காங்க, எல்லாரும் ஒழுங்காப் பேசுங்க" அப்படின்னாரு. அப்புறம் ரகுநாத் சார். "ஆத்மநாதன் சார் ஏழேகாலுக்கு டான்னு சொல்லுவாரு. 'கீழ தாளிக்கிற வாசம் வந்துருச்சு. இன்னும் இருந்தா வசவுதான், எறங்குறேன்.' அதைச் சொல்லாம அவரு ஒருநாளும் முடிச்சதில்ல."

அறந்தாங்கியிலேர்ந்து ஷர்லின்னு ஒரு டீச்சர். "எங்க வீட்ல திங்கக்கிழமை என்ன டிபன்னு எனக்கே தெரியாது. விராலிமலையில கம்புதோசைன்னு தெரியும். புதன் இடியாப்பம். செவ்வாக்கிழமை உப்புமா. அன்னைக்கு மட்டும் சார் லேட்டாத்தான் எறங்குவாரு. 'இன்னும் நாலு விசயம் பேசுங்கப்பா, கீழ உப்புமா'ம்பாரு." எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு சிரிக்குதுக.

இதுக்கா? இதுக்காய்யா முப்பத்தோரு வருசம் சிரிச்சீக?

திரும்பிப் பாத்தா மதினி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு குலுங்குறாக. அழுறாகளாக்கும்னு தொட்டேன். சிரிப்பு. "ஒன் உப்புமா அப்படித்தாண்டி இருக்கும். எந்தம்பி பொய் சொல்லமாட்டான்." அப்புறம்தான் ரெண்டு பேரும் அழுதோம்.

போகும்போது மதினி அந்த மினுக்கு லைட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாக. "எண்ணெய் தீந்தா சொல்லு, செக்குல ஆட்டினது கொண்டாறேன்."

மார்ச் 11, செவ்வாய்

காலை 7.00. பீட்டர் தம்பி 5-9. ஷர்லி டீச்சர் 5-8. ரகுநாத் சார் 5-7, தொண்டை கட்டியிருக்கு, மிளகு ரசம் வைக்கச் சொல்லிப் போன் பண்ணணும்.

7.15. அடுப்படிக்குப் போறேன். உப்புமா. இஞ்சி ஒரு துண்டு கூட.