நானே தேர்ந்தெடுத்த வி.பி.என்.

அன்பு மகளுக்கு, அம்மா தன் கையால் எழுதுவது.

எனக்குக் கால் வலி இல்லை, நெஞ்சு வலி இல்லை, வேலையும் போகவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அம்மாவிடமிருந்து தபாலில் கடிதம் என்றதும் உனக்குப் பாதி உயிர் போயிருக்கும். நிதானமாக உட்கார்ந்து படி. மாப்பிள்ளையை ஒரு டீ போடச் சொல், அவர் போட்டால்தான் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னதாகவும் சொல்.

போன் இருக்கும்போது எதற்குத் தாள் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் சிரித்துக்கொள், சிவப்புப் பேனா எடுக்காதே.

போன மாதம் நீ அனுப்பிய செருப்பு மெத்தென்று இருக்கிறது. நின்று வேலை செய்பவர்களுக்கு நல்ல செருப்பு எது என்று நான் போனில் தேடிப் பார்த்த நாலாம் நாள் அது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நான் வாய் திறந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்யும் ஒன்பது வீட்டிலும் சொல்லிவிட்டேன். "பெத்த பொண்ணுன்னா இப்படி இருக்கணும், நான் நினைச்சாலே அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்று. என்னோடு மாடிப்படி கழுவுகிற சிரிப்பக்காவுக்கு வயிறு எரிந்தது. "எம்மவன் நான் கத்துனாக்கூட திரும்ப மாட்டான், நீ குடுத்து வச்சவ" என்றாள்.

அப்புறம்தான் அந்த நெஞ்சு வலிக் கூத்து. நினைவிருக்கிறதா? திடீரென்று கூப்பிட்டு, "அம்மா, நெஞ்சுல வலி இருக்கா, உண்மையச் சொல்லு" என்றாய். இல்லை என்றால் நம்பவில்லை. மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாய். அந்த டாக்டர் எனக்கு ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் முப்பது வருசம் மாப் பிடிக்கலாம்மா" என்றார். அதை வாழ்த்து என்று எடுப்பதா, சாபம் என்று எடுப்பதா தெரியாமல் வந்தேன்.

ஆனால் வருகிற வழியில் பஸ்ஸில் யோசித்தேன். மாரடைப்பு வந்தால் எவ்வளவு நேரம் வலிக்கும் என்று நான் போனில் தேடியது உண்மை. அது எனக்காகத் தேடியது இல்லை. உன் அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அவருக்கு எவ்வளவு நேரம் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுப்பில் சாதம் வேகும் நேரத்தில், ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கேட்டேன். அந்தச் சமையலறையில் என்னையும் அடுப்பையும் தவிர வேறு யாரும் இல்லை. அது உன் காதுக்கு எப்படி வந்தது?

உடனே எனக்கு மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம் வந்தது. வைஃபை அவருடையது. மாதம் ஒருமுறை வாடகைக்காக உன்னிடம் பேசுகிறவரும் அவர்தான். இந்த மனுசன் உட்கார்ந்து நான் தேடுவதையெல்லாம் படித்துவிட்டு உனக்கு ஒப்பிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் வணக்கம் கிடையாது. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன். ஒருநாள் துணி காயப்போடும்போது அவர் காதில் விழுகிற மாதிரி, "சில பேருக்கு அடுத்த வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு பாக்கலைன்னா தூக்கம் வராது" என்றேன். அவர் பாவம், கொடியில் தன் துணி இடம் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கோபம் என்று நினைத்துத் தன் பனியனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வேலை செய்யும் ஏழாம் மாடி மேடத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் பதினோரு செடி, ஒன்றுக்கும் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவள். அவளிடம் போய், "வைஃபைக்காரர் பாக்காம இருக்க என்ன வழி?" என்று கேட்டேன். வி.பி.என். என்று ஒன்று இருக்கிறதாம். "உங்க போன்ல இருந்து போறதெல்லாம் ஒரு மூடின பைப்புக்குள்ள போகும்க்கா. வீட்டுக்காரருக்கு பைப் தெரியும், உள்ள என்ன போகுதுன்னு தெரியாது" என்றாள். நான் கேட்டேன், "சரி, அந்தப் பைப் யாரோடது? அவன் பாக்க மாட்டானா?" மேடம் கையில் இருந்த காபியை வைத்துவிட்டாள். "இதைக் கேட்க எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தோணலக்கா" என்றாள். வி.பி.என். போட்டால், வீட்டுக்காரர் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையை எடுத்து அந்தக் கம்பெனிக்காரன் மேல் வைக்கிறோம், அவ்வளவுதானாம். ஆகவே ஆளைப் பார்த்து எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். அந்த வீட்டுக்கார மாமாவால் மிஞ்சிப்போனால் நான் எந்தக் கடைக்குப் போனேன் என்று பார்க்கலாம், உள்ளே போய் என்ன கேட்டேன் என்பது தெரியாது என்றாள். கோபத்தில் இருந்தேனா, அது என் மண்டையில் ஏறவில்லை.

ஆளைப் பார்த்து எடுப்பது என்றால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒன்பது வீட்டுச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. ஒவ்வொரு வீட்டிலும் முதல்நாள் என்னை நிற்க வைத்து எத்தனை கேள்வி கேட்டார்கள்! எங்கே இருக்கிறாய், இதற்கு முன் எந்த வீட்டில் வேலை, ஏன் நின்றாய், உன்னைத் தெரிந்தவர் யார், போகும்போது பையைக் காட்டுவாயா. அதே கேள்விகளை நான் இவர்களைக் கேட்கப் போகிறேன் என்றேன். சனிக்கிழமை மதியம் மேடம் ஒவ்வொரு கம்பெனியும் எழுதியிருப்பதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, நான் அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசாரித்தேன்.

முதலில் வந்தது இலவசம். பறக்கிற குதிரைப் படம் போட்டிருந்தான். ஆனால் என் போனில் இருக்கும் நம்பரெல்லாம் வேண்டுமாம், போட்டோ வேண்டுமாம், மைக்கும் வேண்டுமாம். குழாய் ரிப்பேருக்கு வந்தவன் பீரோ சாவியைக் கேட்கிற மாதிரி இருந்தது. சம்பளம் வேண்டாம் என்று ஒருத்தி வீடு பெருக்க வந்தால் நான் முதலில் அவள் முந்தானையைத்தான் பார்ப்பேன். போடா என்றுவிட்டேன்.

இரண்டாவது ஆள் ஒரே தற்பெருமை. உலகத்திலேயே நான்தான், நூற்றுக்கு நூறு, எவனாலும் முடியாது என்று. முதலாளி யார், ஆபீஸ் எந்த ஊர் என்று பார்த்தால் ஒரு தபால் பெட்டி எண் மட்டும் இருக்கிறது. ஆகா ஓகோ என்று புகழ்ந்து எழுதியிருந்த இடத்தை மேடம் தோண்டிப் பார்த்தால், அதுவும் அவன் கம்பெனியே நடத்துகிற இடமாம். கல்யாணத்துக்குப் பையனைப் பற்றி விசாரிக்கப் போனால் பையனே குரலை மாற்றி "ரொம்ப நல்லவன்" என்று சொன்ன கதை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

மூன்றாவது ஆள் அளவாகப் பேசினான். உன் மெயிலும் பணம் கட்டிய தேதியும் மட்டும் எங்களிடம் இருக்கும், நீ எங்கே போனாய் என்று குறித்து வைக்க மாட்டோம், பைப் நடுவில் அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடுவோம், பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் காசைத் திருப்பி வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தான். வருசா வருசம் வெளி ஆட்களைக் கூப்பிட்டுத் தன் கம்பெனியைச் சோதிக்கச் சொல்கிறானாம். அவர்கள் போன வருசம் இரண்டு குறை கண்டுபிடித்ததையும், அதைச் சரி செய்ததையும் மறைக்காமல் போட்டிருந்தான். "இவன்தான்" என்றேன். குறை இருக்கிறதே அக்கா என்றாள் மேடம். "கண்ணாடி டம்ளரை உடைச்சேன்னு வந்து சொல்றவளத்தான் நம்பணும் மேடம். இருபது வருசமா ஒண்ணுமே உடைக்கலைன்னு சொல்றவ பொய் சொல்றா" என்றேன்.

அன்று எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வேன். இந்த எட்டு மாதத்தில் நானாக ஒரு பொருளை விசாரித்து, நானாக வேண்டாம் என்று, நானாக வேண்டும் என்று சொன்னது அதுதான். இத்தனை வருசமும் இதெல்லாம் உன் அப்பா வேலை. அவர் இருந்திருந்தால் குதிரைப் படத்தைத்தான் எடுத்திருப்பார். ஓசி என்றால் போகிற பஸ்ஸை நிறுத்தியாவது இறங்கிப் போய் வாங்குவார்.

இரண்டு வாரம் ராணி மாதிரி இருந்தேன். என்ன தோன்றினாலும் தேடினேன். அழுகை வந்தால் மாப்பைப் பிடித்துக்கொண்டே எப்படி அடக்குவது, தனியாகச் சமைத்தால் அரிசி எவ்வளவு. ஒரு வெள்ளிக்கிழமை, பழைய சட்டையில் தலையணை உறை தைப்பது எப்படி என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, அப்பா சட்டைய மட்டும் வெட்டிடாதம்மா" என்று அழுதாய்.

கடைக்குள் போய் நான் என்ன கேட்டேன் என்பது மாமாவுக்குத் தெரியாது என்று மேடம் சொன்னது அப்போதுதான் எனக்கு ஏறியது. போனை அவளிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, நீங்க எடுத்த வி.பி.என். நல்லாத்தான் வேலை செய்யுது. வெளிய இருந்து யாரும் பாக்கல. பாக்கறவங்க உள்ளயே இருக்காங்க." வீட்டுப் படம் போட்ட ஒரு ஆப்பைக் காட்டினாள். அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது, என் போன் மெதுவாக இருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்று ஒரு மதியம் முழுக்க வைத்திருந்தாயே. நான் தேடுவது, நான் போகிற இடம் எல்லாம் உன் போனில் வருகிறதாம். உள்ளே இருக்கிறவருக்கு வி.பி.என். ஒன்றும் செய்யாதாம்.

ஒரே அமுக்கில் எடுத்துவிடவா என்று மேடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். "நான் எடுத்தா எம்பொண்ணு திருடி ஆயிடுவா. அவளே எடுக்கட்டும்" என்றேன். அதுவரை அந்தப் போனில் மனசு விட்டுப் பேச வரவில்லை, அதனால்தான் இந்தத் தாள்.

முதல் காரியமாக மாடிக்குப் போய் வீட்டுக்கார மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை. வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு என்பதே அவருக்குத் தெரியாதாம், மருமகன் எழுதிய சீட்டு பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதாம். நம் பாதிக் கொடியை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

கண்ணு, எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் தீர்ந்துவிட்டது. நான் ஒன்பது வீட்டில் தூசி தட்டுகிறேன். மேசை மேல் என்னென்னவோ திறந்து கிடக்கும். எதையும் படித்ததில்லை. இன்றைக்கு எந்த வீட்டில் சண்டை என்று உன் அப்பா தினமும் சீண்டுவார், அவருக்குக்கூடச் சொன்னதில்லை. என் வீட்டிலும் எனக்கு அப்படி ஒரு மேசை வேண்டும். அதில் உன் அப்பாவைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் அழுவேன், தைப்பேன், கிறுக்குத்தனமாக எதையாவது கேட்பேன். அதை நீ பார்த்துப் பயப்படக் கூடாது. அந்த ஆப்பை உன் கையால் எடுத்துவிடு. தெரிய வேண்டியதை என்னிடம் கேள், சொல்லுவேன். சட்டை பன்னிரண்டு இருக்கிறது. ஆறை உனக்கு மடித்து வைத்துவிட்டேன், அந்த நீலக் கட்டம் போட்டதும் அதில் இருக்கிறது. மீதி ஆறில் தலை வைத்துத் தூங்கப்போகிறேன்.

இன்னும் ஒன்று. நம்மை விட்டுப் போன அன்றைக்குக் காலையில் உன் அப்பா உன்னை இரண்டு தடவை கூப்பிட்டார், நீ எடுக்கவில்லை. அதை நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். புதுக் குக்கரின் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கத்தான் கூப்பிட்டார். "எம்பொண்ணு பெரிய வேலைல இருக்கா, சாயங்காலம் அவளே கூப்பிடுவா" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். அதற்கப்புறம் கைப்பிடியை அவரே கண்டுபிடித்து, என்னவோ மலையைப் புரட்டியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீங்கள் இரண்டு பேரும் நூறு வருசம் சிரித்துக்கொண்டு இருங்கள். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டால் எடுக்காதே தங்கம். எனக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் நீயே கூப்பிடு.

உன் பேச்சுக்குக் காத்திருக்கும்
அம்மா