பால் குறையாத காலை

பேட்டை,
தை 24

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே அந்தக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்து டவுணுக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறாள், வரும்போது அல்வா வாங்கிவந்து என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறாள், எனக்குச் சர்க்கரையாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ ஆராய்ச்சியை விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் அழுதாயாம். ஒரு மனுஷனுக்கு நேரே சுழியம் போட்டேன், அவர் உயிரே போயிட்டு என்றாயாம். போன வருஷம் நம் பால் கடையில் ஒரு மாதம் லேப்டாப்போடு உட்கார்ந்து, எந்த ஊரில் பால் சேர்ப்பவர் எப்போது போனில் கூப்பிடுகிறார், ஒரு பக்கம் பால் குறைந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எல்லாம் குறித்தாய். வரும் என்று முன்னமே தெரிந்த வார்த்தையில் சேதி கிடையாது, எதிர்பாராதது எவ்வளவோ அவ்வளவுதான் சேதி என்று எனக்கே பாடம் எடுத்தாய். பூதத்தான் சீவலப்பேரிப் பக்கத்துப் பாலைச் சேர்த்துவிட்டு, ஒன்பது வருஷமாகக் காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், எப்பவும் போலத்தான் அண்ணாச்சி என்று. அதில் சேதி சுழியம் என்றது உன் கணக்கு. ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. மாற்றம் இருந்தால் பேசட்டும், இல்லாவிட்டால் ஒரு மிஸ்டு கால் விடட்டும், ஐந்தரைக்குள் அதுவும் வராவிட்டால் அதுதான் பெரிய சேதி, உடனே ஆளை அனுப்புங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாய்.

அந்த மிஸ்டு கால் விஷயத்தை நான் பூதத்தானிடம் சொல்லவே இல்லை லேகா. முப்பது வருஷம் நாலரைக்கு எழுந்தவனுக்கு ஆறு மணி வரை தூங்க ஆசை வந்துவிட்டது, ஒரு தரம் மணியடித்தாலும் தூக்கம் போய்விடுமே என்று மாற்றம் இருந்தால் மட்டும் கூப்பிடு என்ற பாதியைச் சொல்லி மிச்சப் பாதியை முழுங்கிவிட்டேன். கார்த்திகை மழையில் ஆறு கரை தாண்டிய அன்று போன் வரவில்லை, மாற்றம் இல்லை என்று படுத்தே கிடந்தேன். ஆறரைக்கு டிரைவர் அருணாசலம் கூப்பிட்டு, சீவலப்பேரி ரோட்டுல தண்ணி ஏறிட்டு அண்ணாச்சி, நான் வண்டியைச் சேரன்மாதேவிப் பக்கம் விடுதேன் என்றான். அப்போதும் எனக்குப் பால்தான் நினைவுக்கு வந்தது, பூதத்தான் நினைவு வரவில்லை. எட்டு மணிக்குள் டவுணில் எல்லா டீக்கடைக்கும் பால் போய்விட்டது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை. மகள் சொன்ன மாதிரி நம் பால் வலை ஒரு பக்கம் அறுந்ததும் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அந்நேரம் தொழுவத்துச் சுவர் காலில் விழுந்து பூதத்தான் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி முத்துராணி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், அக்கம்பக்கத்தார் மேட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்குத்தான் பார்த்திருக்கிறார்கள். உயிர் போய் இரண்டு மணி நேரம்தான் இருக்கும் என்றாராம் டாக்டர்.

சேதி கேட்டதும் நீ போனில் முதலில் கேட்டதே, மிஸ்டு கால் வரலியாப்பா என்றுதான். மறந்துட்டான் போல, அவன் அடிக்கடி மறக்கிறவன்தானே என்று சொல்லிவிட்டேன். செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு உன்னையும் இத்தனை நாள் அழவிட்டிருக்கிறேன். உன் கணக்கில் பிழை இல்லை, ஆராய்ச்சியை விடாதே.

இப்போது முத்துராணிதான் பால் சேர்க்கிறாள். பார்க்கும்போதெல்லாம், பாப்பாவுக்குப் படிப்பு முடிஞ்சிட்டா அண்ணாச்சி, எப்ப வருதா என்று வாஞ்சையாகக் கேட்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். அதற்கப்புறம் அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காந்திமதியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்று மட்டும் ஞாபகமாகச் செய். மிஸ்டு கால் விட மறந்தவர் என்று உன் ஆராய்ச்சியில் எங்காவது பூதத்தானைப் பற்றி எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடு. அவனிடம் யாரும் சொல்லவில்லை என்று எழுது. சொல்லாதவன் பெயரையும் எழுது.

உன் அப்பா,
தாணுமாலையன்